கமரா விடுவதற்கு முந்தின நாள்

‘வெறும் வயிற்றோடு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டால் நோயாளிக்கு எல்லாம் சொன்னதாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. சீனி பார்க்க இரத்தம் எடுப்பதற்கு அது போதும். பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கோப்பிக்குப் போதாது. வயிறு காலியாக இருப்பது வேறு, குடல் கழுவுப்பட்டிருப்பது வேறு. ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமான பெருங்குடலின் உட்சுவரை டொக்டர் மடிப்பு மடிப்பாகப் பார்க்க வேண்டும். முந்தாநாள் சாப்பிட்ட கீரை அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் கீழே என்ன இருக்கிறது என்பது எவ்வளவு நல்ல கமராவுக்கும் தெரியாது.

அம்மாவுக்கு இந்தப் பரிசோதனை இரண்டு தடவை நடந்தது. முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டார்கள். குடல் போதிய அளவு சுத்தமாக இல்லை என்று துண்டில் ஒரு வரி எழுதி, வேறு திகதி தந்து அனுப்பினார்கள். ஓட்டோவில் வீடு வந்து சேரும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் “என்ரை பிழைதான்” என்று சொல்லத் தொடங்கினார். அந்தச் சொல்தான் என்னை இதை எழுத வைக்கிறது. அது அவருடைய பிழை இல்லை என்று எனக்கு அன்றைக்கே பட்டது. ஏன் இல்லை என்று விளக்கமாகச் சொல்ல எனக்குக் கொஞ்சக் காலம் தேவைப்பட்டது.

விரதம் பிடித்துப் பழகியவர்

அம்மாவுக்கு இரத்தம் குறைவு. கிணற்றடியில் இருந்து குசினிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள், ஏறவில்லை. மலத்தைச் சோதித்தபோது கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் போவது தெரிந்தது. வயது போன ஒருவருக்கு இப்படி இருந்தால் குடலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டொக்டர். நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்று அம்மா திகதியைத் தள்ளிப் போடச் சொன்னார். 25 நாளும் கோயிலுக்குப் போகிறவர், அதை யாரும் மறுக்கவில்லை.

தயார்ப்படுத்தலைப் பற்றி அவருக்குப் பயமே இருக்கவில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவருக்கு ஒரு நாள் பட்டினி என்ன பெரிய காரியம்? ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தந்தார்கள். முழுவதும் ஆங்கிலம். தந்தவர் வாயால் சொன்னது, “முதல் நாள் ஒண்டும் சாப்பிடாதேங்கோ, இந்த மருந்தைக் கரைச்சுக் குடியுங்கோ” என்பதுதான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா சொன்னபடியே செய்தார். முந்தின நாள் சோறு இல்லை, கறி இல்லை. மத்தியானம் ஒரு தம்ளர் பால், பின்னேரம் இரண்டு வாழைப்பழம். விரத நாளில் பாலும் பழமும் எடுத்தால் அதை யாரும் சாப்பிட்டதாகக் கணக்கு வைப்பதில்லை. அவர் வளர்ந்த வீட்டில், அவர் அறிந்த கோயில்களில், அதுதான் ஒழுங்கு. அதற்கு முதல் நாள் இரவு குரக்கன் புட்டு. அது உடம்புக்கு நல்லது, லேசானது என்று எங்களுக்கு எல்லோரும் சொல்லித் தந்த சாப்பாடு. காலையில் வழக்கம்போல இரும்புச்சத்துக் குளிசை. மருந்தைக் குடித்து வயிற்றாலை போகத் தொடங்கியதும், களைத்துப் போய், நின்றால் நல்லது என்று ஒரு தம்ளர் மோர். பேதி குடித்தால் அதை நிறுத்த மோர் கொடுக்கிற பழக்கத்தில் வந்தது அது.

விடிய ஆஸ்பத்திரியில் தாதி கேட்டார்: “அம்மா, நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?”

“நான் ஒண்டும் சாப்பிடேல்லைப் பிள்ளை. கொஞ்சம் பால், ரெண்டு பழம், அவ்வளவுதான்.”

அம்மா பொய் சொல்லவில்லை. தாதிக்கோ அது போதிய பதிலாக இல்லை. பால் குடலில் ஒரு படலமாக மிஞ்சும். பழத்தின் நார் சக்கையாகக் கிடக்கும். குரக்கனின் தவிடு முழுதாகவே பெருங்குடலுக்கு வரும். இரும்புக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கி, ஒட்டுகிற தன்மையையும் கொடுக்கும். பரிசோதனைக்கு ஒரு கிழமை முன்னதாகவே டொக்டரைக் கேட்டு அதை நிறுத்தியிருக்க வேண்டும். அம்மா செய்த ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களை யாராவது முன்கூட்டியே கேட்டிருந்தால் அத்தனையையும் அரை மணித்தியாலத்தில் சரி செய்திருக்கலாம்.

அந்தத் தாள்

வீட்டுக்கு வந்து நான் தாளை ஆறுதலாக வாசித்தேன். மருத்துவ ரீதியாக அதில் ஒரு பிழையும் இல்லை. மூன்று நாளைக்கு நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு: வெள்ளைப் பாண், தோல் நீக்கிய கோழி, முட்டை. கடைசி நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: அப்பிள் சாறு, ஜெலி, வடித்த சூப். கனடாவில் இருக்கும் தம்பியும் தன் தாளை வைபரில் படம் பிடித்து அனுப்பினான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தம்பிக்கு அது பொருந்தியது. அவன் வீட்டுக் குளிரூட்டியில் அப்பிள் சாறு எப்போதும் இருக்கும்.

சுன்னாகத்தில், வெள்ளிக்கிழமை சைவம், செவ்வாய் சைவம், வீட்டுக்குப் பின்னால் முருங்கை, தினமும் ஒரு கீரை என்று வாழ்கிற ஒருவருக்கு அந்தத் தாள் என்ன சொல்கிறது? குத்தரிசிச் சோற்றை என்ன செய்வது என்று அதில் இல்லை. புட்டுக்குள் போடும் தேங்காய்ப்பூ, சம்பல், கறிவேப்பிலை, கடுகு, கத்தரிக்காய் விதை, ஒடியல் கூழ் ஒன்றுமே இல்லை. இவை இல்லாத யாழ்ப்பாணச் சாப்பாடு எது? முட்டையும் கோழியும் தின்னாதவர் மூன்று நாளைக்கு எதைத் தின்பது என்றும் இல்லை. எங்கள் சைவச் சாப்பாட்டின் பெருமையே கீரை, பருப்பு, பயறு, காய்கறிதான். சுகமாக இருக்கும் காலத்தில் பெருங்குடலைக் காப்பாற்றுவதும் அதே நார்தான். அந்த மூன்று நாளும் மட்டும் அது ஆகாது. வழமையாக நல்லது என்று சொல்லப்படுவது எல்லாம் கூடாததாக மாறுகிற நாட்கள் அவை என்பதை யாராவது வாய் திறந்து சொன்னால்தான் ஒரு தாய்க்கு விளங்கும்.

1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்பித்தார், தமிழிலேயே மருத்துவ நூல்களை வெளியிட்டார். அந்த மண்ணில், இவ்வளவு காலம் கழிந்தும், அம்மாவின் கையில் வாசிக்க முடியாத ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவது எனக்குப் பெரிய வருத்தமாக இருக்கிறது. அதைத் தமிழாக்கினால் மட்டும் போதும் என்றும் நான் நம்பவில்லை. அப்பிள் சாற்றைத் தமிழில் எழுதினாலும் அது அப்பிள் சாறுதான்.

“வீட்டில என்ன சமைக்கிறனீங்கள்?”

இரண்டாவது தடவைக்கு வேறொரு டொக்டரிடம் போனோம். திகதி எடுத்த பிறகு அங்கிருந்த மூத்த தாதி ஒருவர் எங்களைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு இருத்தினார். கையில் தாள் இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: “அம்மா, வீட்டில என்ன சமைக்கிறனீங்கள்?”

அம்மா நிமிர்ந்து இருந்தார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. காலையில் என்ன, மத்தியானம் என்ன, எந்த அரிசி, எந்தத் தூள், எந்த நாளில் மச்சம் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தாதி இடைமறிக்காமல் கேட்டார். பிறகு அந்தச் சமையலுக்குள்ளேயே நின்று பேசினார். சிவப்பு அரிசி வேண்டாம், வெள்ளைப் பச்சை அரிசிச் சோறு குழைய வையுங்கோ. இடியப்பம் வெள்ளை மாவில் அவியுங்கோ. உருளைக்கிழங்கைத் தோல் சீவி அவித்துக் கறி வையுங்கோ, ஆனால் தாளிக்க வேண்டாம், கடுகும் கறிவேப்பிலையும் மிளகாய் விதையும் கமராவின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும். கறித்தூளைக் குறையுங்கோ. சொதி வைத்தால் வெங்காயம், வெந்தயம் எல்லாம் வடித்துப் போட்டு வெறும் சொதியாக ஊற்றுங்கோ. தயிர் இந்த நாட்களில் பரவாயில்லை. மச்சம் சாப்பிடுகிற நாளில் முள் இல்லாத மீன் அவியல் நல்லது. தோசை, புட்டு, சம்பல், பருப்பு, கீரை, கொய்யா, விளாம்பழம் எல்லாவற்றையும் பரிசோதனை முடியும்வரை மறந்துவிடுங்கோ.

கடைசி நாளுக்கு அவர் சொன்ன அளவுகோல் என் மனதில் அப்படியே நிற்கிறது. எதைக் குடிப்பதானாலும் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ, மற்றப் பக்கம் தெரிந்தால் குடிக்கலாம். பிளேன்ரீ தெரிகிறது. மல்லித் தண்ணி வடித்தால் தெரிகிறது. இளநீர் தெரிகிறது, வழுக்கையைத் தொடக்கூடாது. வடித்த ரசமும் பரவாயில்லை. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனித் தூளைக் கரைத்துக் குடிக்கலாம். பால், மோர், கஞ்சி, சொதி ஒன்றும் தெரியாது, ஆகவே வேண்டாம். சோடா வேண்டுமானால் வெள்ளை லெமனேட். நெக்டோ வேண்டவே வேண்டாம், சிவப்பும் ஊதாவும் குடல் சுவரில் இரத்தம்போலத் தோன்றும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இளநீரிலுள்ள பொற்றாசியம் கூடாது, அவர்கள் கேட்டுத்தான் குடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

“இது விரதம் இல்லை அம்மா. விரதத்தில பாலும் பழமும் எடுக்கலாம். இதில ரெண்டும் ஆகாது.” அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவை என்ன நடந்தது என்று அவருக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

அப்புறம் மருந்தைப் பற்றி. சின்ன வயதில் பேதி குடித்தது ஞாபகம் இருக்கிறதா என்று தாதி கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பார்த்து, விடியற்காலையில் வரிசையாக இருத்தி விளக்கெண்ணெய் பருக்கியதை அவர் தலைமுறையில் மறந்தவர் யார்? விளக்கெண்ணெய் குடலைச் சீண்டித் தள்ள வைக்கும். இந்தப் பவுடர் அப்படி இல்லை, அது உடம்பில் சேராமல் தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்து வைத்துக் கழுவிக்கொண்டு போகும். கழுவுவது தண்ணீர் என்பதால், கரைக்கச் சொன்ன அளவுக்குக் குறைத்துக் கரைத்தாலும், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உறிஞ்சினாலும் சரிவராது. மருந்தைப் பொறுத்து மொத்தம் 2 முதல் 4 லீற்றர் வரை வரும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தம்ளர். அம்மாவுக்குக் கிடைத்தது 2 லீற்றர்.

அதை ஒரே இரவில் குடித்து முடிக்கக்கூடாது என்பதுதான் அவர் கடைசியாக அழுத்திச் சொன்னது. பாதி முதல் நாள் பின்னேரம், மறு பாதி பரிசோதனைக்கு நாலைந்து மணித்தியாலம் முன்னதாக. இரவோடு குடல் சுத்தமாகிவிட்டதே, எதற்கு விடிய எழும்பிக் குடிப்பது என்று எல்லோரும் நினைப்பார்கள். நித்திரையிலும் சிறுகுடல் சும்மா இருப்பதில்லை. பித்தமும் செரிமான நீரும் ஊறி, பெருங்குடல் தொடங்கும் வலப் பக்கத்தில் வந்து படியும். தட்டையாக, சுவரோடு சுவராகக் கிடக்கும் கட்டிகள் ஒளிந்திருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். விடியற்காலை மருந்தைத் தவறவிட்டால் சரியாக அந்த இடம்தான் மூடுப்படும்.

அவர் எங்களோடு செலவழித்தது அரை மணித்தியாலம் இருக்கும். இந்தப் பரிசோதனையில் டொக்டரின் கைத்திறனுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ, அந்த அரை மணித்தியாலத்துக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். கழுவுகிற வேலையை ஆஸ்பத்திரி செய்வதில்லை. அதை வீட்டில், தனியாக, இரவில், நோயாளிதான் செய்கிறார்.

வளவின் கோடியில் கக்கூஸ்

எந்தத் தாளிலும் இல்லாத இன்னொன்று. ‘கழிப்பறைக்குப் பக்கத்தில் இருங்கள்’ என்று எழுதியிருப்பார்கள். எங்கள் பழைய வீடுகளில் கக்கூஸ் வளவின் பின்கோடியில், கிணற்றுக்கும் தள்ளி இருக்கும். குந்தி இருக்க வேண்டும். முழங்கால் வருத்தம் உள்ள ஒருவர், சாப்பிடாமல் களைத்த உடம்போடு, அவசரமாக, இருட்டில், ஈர நிலத்தில் ஓட வேண்டும். முதல் தடவை அம்மா படியில் தடுக்கி விழப் பார்த்தார். மருந்தை முழுவதும் குடிக்காமல் இடையில் விட்டிருந்தார் என்பதையும், அதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதையும் பிறகுதான் சொன்னார்.

இரண்டாவது தடவை பக்கத்து வீட்டில் இருந்து ஒரு கொமோட் கதிரையை வாங்கி அறைக்குள்ளேயே வைத்தோம். பின் விறாந்தை லைட்டை இரவு முழுக்க அணைக்கவில்லை. வாளியில் தண்ணீர், துடைக்க மெல்லிய பருத்தித் துணி, எரிவுக்கு முதலிலிருந்தே பூச வாஸ்லின். மருந்தைக் கரைத்துக் குளிரூட்டியில் வைத்தோம், குளிர்ந்தால் அந்த உப்புக் குணம் குறைகிறது. குடித்ததும் வாயில் ஒரு தேசிக்காய்த் துண்டு. மூன்றாம் தம்ளரோடு ஓங்காளித்தது. அரை மணித்தியாலம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினோம். இரவில் முடிந்தவரை நானும் கூட இருந்தேன். கூட ஒருவர் இருப்பது வசதிக்காக மட்டும் சொல்வதில்லை, தலை சுற்றி விழுந்தால் தூக்க ஆள் வேண்டும்.

விடியற்காலை கோயில் மணிக்கு முதலே எழும்பி மறு பாதியைக் குடித்தார். பரிசோதனைக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது குடிப்பதை எல்லாம் நிறுத்தியாயிற்று. கடைசியில் போனது வெளிறிய மஞ்சள் தண்ணீர், பாத்திரத்தின் அடி தெரிந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெட்கப்படவில்லை, பெருமையாகவே காட்டினார்.

பரிசோதனை அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. மயக்க ஊசி போட்டதால் அம்மாவுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. வலப் பக்கத்தில், ஏறுகுடலில், ஒரு சென்ரிமீற்றர் அளவில் தட்டையான கட்டி ஒன்று இருந்தது. கம்பிச் சுருக்கால் அங்கேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். முதல் தடவை அந்த இடம் முழுக்க மூடுப்பட்டிருந்தது என்று பழைய அறிக்கையைப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார். ஆய்வுகூடத்தில் இருந்து அடினோமா என்று வந்தது, புற்றுநோய் இல்லை. இப்படியான கட்டி புற்றுநோயாக மாற வழமையாகப் பத்து வருடம் அளவில் எடுக்கும், எல்லாம் மாறுவதும் இல்லை, மாறக்கூடியது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் காண்பதை எல்லாம் எடுத்துவிடுகிறார்கள். இரத்தக்குறைவுக்கு இது மட்டும்தான் காரணம் என்று டொக்டர் முடிவாகச் சொல்லவில்லை, இரைப்பைக்கும் கமரா விட்டுப் பார்த்தார். மூன்று வருடத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து சேர்த்த நிதியில் எழுந்தது. நோய் வந்தவரைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் நடக்க மனம் உள்ள நாட்டில், நோய் வராமல் தடுக்கிற ஒரு பரிசோதனையைப் பற்றி வீட்டுக்குள் பேசக் கூச்சப்படுகிறோம். ‘அந்த இடத்தில்’ குழாய் விடுவார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வருடக்கணக்காக இரத்தம் போவதை மறைத்து, மூலம் என்று தாங்களே முடிவு செய்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர். அம்மா இப்போது யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்கிறார், இரவில் எத்தனை தரம் போனது என்பது உட்பட. பெண்கள் முதலில் முகத்தைத் திருப்புகிறார்கள். பிறகு தனியாக வந்து கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் நெடுந்தீவில் இருக்கும் மாமி. மூலம் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது திகதி கிடைத்திருக்கிறது. அம்மா அவருக்காகத் தன் கைப்பட ஒரு கொப்பித் தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார், வெள்ளை அரிசியில் இருந்து நெக்டோ வரை. ஆனால் அம்மாவின் தாளிலும் இல்லாத ஒன்று மாமிக்கு இருக்கிறது. விடியற்காலை மருந்தைக் குடித்துவிட்டுக் குறிகட்டுவானுக்குப் படகு ஏற முடியாது. ஆகவே முதல் நாளே இங்கே வந்து தங்கச் சொல்லியிருக்கிறோம், கொமோட் கதிரையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவருக்குச் சலரோகமும் இருக்கிறது, இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசையும் எடுக்கிறார். சாப்பிடாத நாளில் சீனிக் குளிசையை எப்படிக் குறைப்பது, மற்றதை நிறுத்துவதா விடுவதா என்பதைத் தானாக முடிவு செய்யாமல், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வாங்கி வர வேண்டும். அதற்கு நானும் கூடப் போகிறேன்.